தர்மம்: சாசனமும் தெருவும்

'தர்மம்' பற்றி நம்மிடையே நடந்த சர்ச்சையெல்லாம் தத்துவத் தளத்திலேயே நின்றுவிட்டது. கீதையின் ஸ்வதர்மம், பௌத்தத்தின் தம்மம் என்று போய்விடுகிறோம். தெருவில் இச்சொல்லுக்கு அர்த்தம் வேறு: காசு வாங்காமல் கொடுப்பது. தர்மாஸ்பத்திரி, தர்ம சத்திரம். திருடன் அகப்பட்டால் தர்ம அடி. கொடுத்தலுக்கு சம்ஸ்கிருதத்திலேயே தானம் என்று தனிச்சொல் இருக்க, தாங்குதல் என்ற தாதுவிலிருந்து பிறந்த தர்மம் தமிழில் எப்படி இலவசத்துக்குப் பெயராயிற்று?

கோயில் சாசனங்களில் இதற்கு விடை இருப்பதாகத் தோன்றுகிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடுகள், நாளொன்றுக்கு உழக்கு நெய். இப்படி விடப்பட்டவற்றைச் சோழர் சாசனங்கள் 'சாவா மூவாப் பேராடு' என்கின்றன. ஆடு சாகத்தான் செய்யும், கிழடு தட்டத்தான் செய்யும்; குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையை ஈடுகட்டிக்கொண்டே இருப்பது இடையன் பாடு. காசாக வைத்தால், அதை வாங்கிக்கொண்ட ஊர்ச்சபை காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை அளந்தது. நூற்றுக்குப் பன்னிரண்டரை வட்டி. முதல் கரையாமல் சந்திர சூரியர் உள்ளவரை காரியம் நடக்க வேண்டும். (எங்கள் வங்கித் தொழிலில் இவ்வளவு தைரியமான தவணை கிடையாது.)

சாசனம் 'இத்தர்மம்' என்று சுட்டுவது இந்த ஏற்பாட்டைத்தான். கொடுத்த செயலை அல்ல, வைத்த முதலையும் அதைக் காக்கும் கடமையையும். இத்தர்மத்தைக் காத்தவனுடைய பாதம் என் தலைமேல் என்று கொடுத்தவனே சொல்வதோடு பல சாசனங்கள் முடிகின்றன. தாங்குதல் என்ற மூல அர்த்தம் இங்கு சேதமாகவில்லை.

ஆனால் பெறுகிறவன் எங்கே? விளக்குக்குப் பசியில்லை. குறளின் 23ஆம் அதிகாரம் வேறு தளத்தில் நிற்கிறது: இல்லாதவனுக்குக் கொடுப்பதே ஈகை, மற்றதெல்லாம் குறியெதிர்ப்பை, அதாவது அளந்து வாங்கி அதே அளவு திருப்பித் தரும் கைமாற்று. ஆய் என்ற வள்ளலைப் புகழும் முடமோசியார் (புறநானூறு 134), மறுமையை எண்ணி அறத்தை விலைபேசும் வியாபாரி அல்லன் அவன் என்கிறார். அந்த வியாபாரம் அன்றே ஊரறிந்ததாக இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுப்பானேன்?

ஈகை புலவர்களிடமே தங்கிவிட்டது. தெருவுக்கு வந்தது சாசனத்தின் சொல். பிச்சைக்காரர் 'ஈயுங்கள்' என்பதில்லை, 'தர்மம் பண்ணுங்க' என்கிறார். தன் பசியைச் சொல்லவில்லை. கொடுப்பவர் கணக்கில் ஏறப்போவதைச் சொல்கிறார். இதை வெறும் தாழ்ச்சி என்று நான் கொள்ளமாட்டேன். கடமை உன்னுடையது என்று நினைவுறுத்தும் தொனி இதில் உண்டு. பிச்சை என்ற சொல்லில் அது இல்லை.

1890ஆம் வருஷத்துத் தர்ம நிதிச் சட்டம் ஏழைக்கு உதவி, கல்வி, வைத்தியம், பொதுப்பயன் ஆகியவற்றை ஏற்று, வழிபாட்டுக்கு மட்டுமே ஆனதை விலக்கியது. விளக்கும் பசியும் சட்டத்தில் பிரிந்தன. பிறகு தமிழ்ப்பற்று அறநிலையம், அறக்கட்டளை என்று பெயர்ப்பலகைகளை மாற்றியது. 'அறம் போடுங்க' என்று கை நீட்டி எவரும் கேட்டதில்லை. கோயிலில் டிக்கெட் வாங்காதவர்கள் நெரிசலில் நிற்கிற வரிசைக்கு ஜனங்கள் வாயில் இன்னும் தர்ம தரிசனம் என்றே பெயர். காசு கட்டியவர்கள் போவது 'சிறப்பு'.