கழித்துப் பெறும் ஒலி

சிறு சோதனை ஒன்று செய்து பாருங்கள். குரலை ஏற்றாமலும் இறக்காமலும் ஒரே சுருதியில் 'ஆ' என்று இழுங்கள். மூச்சு முறியாமல் அதையே 'ஈ' என்றும், பிறகு 'ஊ' என்றும் மாற்றுங்கள். சுருதி மாறவில்லை, ஆனால் ஒலி மாறிவிட்டது அல்லவா? குரல் நாண்கள் எழுப்பும் ஒலியில் பல அதிர்வெண்கள் கலந்துள்ளன. வாயும் நாவும் உதடும் வடிவம் மாறி, அவற்றுள் சிலவற்றை ஓங்கச் செய்கின்றன, மற்றவற்றை அடக்குகின்றன. நிறைந்த ஓர் ஒலியிலிருந்து வேண்டாததைக் கழித்து வேண்டியதைப் பெறும் இம்முறையே மின்னணு இசையின் முக்கியமான வழிகளுள் ஒன்றாயிற்று. அதன் வரலாற்றைக் காண்போம்.

வீணையும் புல்லாங்குழலும் ஒரே சுரத்தை ஒலித்தாலும் நாம் அவற்றைப் பிரித்தறிகிறோம். இதற்கு அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் மேற்சுரங்களின் அளவு முக்கியக் காரணம் என்பதை ஜெர்மன் அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863-இல் வெளியிட்ட நூலில் விரிவாக விளக்கினார். அப்படியானால் மேற்சுரங்களை நாமே அமைத்து விரும்பிய ஒலியை உண்டாக்கலாமே! அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று கூட்டல், மற்றது கழித்தல்.

முதலில் கூட்டலையே முயன்றார்கள். அமெரிக்கரான தாடியஸ் கேஹில், ஒவ்வோர் அதிர்வெண்ணுக்கும் தனித்தனி மின்னாக்கிகளை அமைத்து, அவற்றின் மின்னோட்டங்களைச் சேர்த்து இசை பெற்றார். 1906-இல் நியூயார்க் நகரில் நிறுவப்பட்ட அவருடைய டெல்ஹார்மோனியத்தின் எடை ஏறத்தாழ 200 டன்! ஒவ்வொரு மேற்சுரத்துக்கும் ஒரு பொறி வேண்டும் என்றால் இப்படித்தான் ஆகும்.

கழித்தல் முறை எளியது. ரம்பப் பல் போன்ற வடிவமுள்ள ஓர் அலையை எடுத்துக்கொள்வோம். அதன் அதிர்வெண் 110 ஹெர்ட்ஸ் என்றால், அதனுள் 220, 330, 440 என எல்லா மடங்குகளும் அடங்கியிருக்கும். இரண்டாம் மடங்கின் வீச்சு பாதி, மூன்றாவதன் வீச்சு மூன்றில் ஒரு பங்கு என்று குறைந்துகொண்டே போகும். சதுர அலையிலோ 110, 330, 550 என ஒற்றைப்படை மடங்குகள் மட்டுமே உண்டு. ஒரே ஓர் அலையியற்றி இத்தனையையும் தந்துவிடுகிறது. பிறகு மின்வடிகட்டி ஒன்றால் வேண்டாதவற்றை நீக்கினால் போதும்.

பெர்லினில் பிரீட்ரிக் டிராட்வைன் 1930-இல் அமைத்த டிராட்டோனியம் இவ்வழியில் சென்றது. நியான் விளக்கொன்றின் உதவியால் அது அலையை எழுப்பியது. வடிகட்டிகள் அதற்கு உருக்கொடுத்தன. 1939-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் பெல் ஆய்வுக்கூடத்தார் 'வோடர்' என்னும் பேசும் பொறியைக் காட்டினர். ரீங்கார ஒலியையும் காற்றொலியையும் பத்து வடிகட்டிகளின் வழியே செலுத்தி, பயிற்சி பெற்ற பெண்கள் விசைகளை அழுத்திப் பேச்சை உண்டாக்கினார்கள். நம் வாய் செய்யும் வேலையை அவர்களது விரல்கள் செய்தன எனலாம்.

அடுத்த பெரும் மாற்றம் 1964-இல் நிகழ்ந்தது. அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் மூக், இசையமைப்பாளர் ஹெர்பர்ட் டாய்ச்சுடன் சேர்ந்து, மின்னழுத்தத்தால் கட்டுப்படும் கருவியை உருவாக்கினார். மின்னழுத்தம் ஒரு வோல்ட் உயர்ந்தால் அலையின் அதிர்வெண் இரு மடங்காகும். அதாவது ஒரு ஸ்தாயி உயரும். அதே போல வடிகட்டியின் எல்லையையும் மின்னழுத்தத்தால் நகர்த்தலாம். ஒரு சுரம் ஒலித்து முடிவதற்குள் அதன் பண்பையே மாற்ற முடிந்தது. ஏணி போன்ற சுற்றமைப்புடைய அவரது வடிகட்டிக்கு 1969-இல் காப்புரிமை கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு வெளிவந்த, பாக்கின் இசையை மூக் கருவியில் வாசித்த வெண்டி கார்லோஸின் இசைத்தட்டு அதன் புகழை எங்கும் பரப்பியது.

ஆனால் இக்கருவிகள் யாருக்குக் கிடைத்தன? கையடக்கமாக 1970-இல் வந்த மினிமூக்கின் விலையே சுமார் 1,500 டாலர். பெரிய கருவிகளைப் பல்கலைக்கழகங்களும் ஒலிப்பதிவுக் கூடங்களுமே வாங்க முடிந்தது. இந்தியாவில் ஆமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-இல், டேவிட் டியூடர் என்னும் அமெரிக்க இசைஞரின் உதவியோடு ஒரு மூக் கருவி நிறுவப்பட்டது. அங்கே இந்தியர் சிலர் செய்த ஒலிப்பதிவுகள் பல்லாண்டு கிடங்கில் கிடந்து, 2023-இல்தான் இசைத்தட்டாக வெளிவந்தன. கற்க ஆசை இருந்தவர்கள் பலர். தொட்டுப் பார்க்க முடிந்தவர்களோ மிகச் சிலர்.

இந்தக் கதவைத் திறந்தது கணிப்பொறி. 1957-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் மேக்ஸ் மேத்யூஸ் கணிப்பொறியைக் கொண்டு 17 விநாடி இசையை உண்டாக்கினார். ஒலி என்பது எண்களின் வரிசை. வடிகட்டி என்பது சில பெருக்கல்களும் கூட்டல்களும்தான். குறுந்தகட்டின் தரத்தில் விநாடிக்கு 44,100 எண்கள் தேவை. இன்று சாதாரணக் கணிப்பொறியும் அவற்றை ஒலிக்கும்போதே கணக்கிட்டுவிடுகிறது.

வேகம் மட்டும் போதுமா? போதாது. நிரல் பூட்டியிருந்தால் கருவியின் உள்ளே நடப்பது மாணவருக்குத் தெரியாது. 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இயக்கம், நிரலைப் படிக்கவும் திருத்தவும் பகிரவும் எல்லோருக்கும் உரிமை வேண்டும் என்றது. அவ்வழியில் மேட் டைட்டல் 2015-இல் 'ஹெல்ம்' என்னும் இசைத்தொகுப்பியை வெளியிட்டார். முன்பு விலைக்கு விற்கப்பட்ட 'சர்ஜ்' 2018-இல் நிரலோடு பொதுவுக்கு வந்தது. தன்னார்வலர்கள் அதை வளர்த்து வருகிறார்கள்.

இவற்றில் ஆயத்த ஒலிகள் ஏராளம். அவற்றை வாசித்து மகிழ்வதோடு நின்றுவிட்டால் கற்றது ஒன்றுமில்லை. வெறுமையான அமைப்பிலிருந்து தொடங்குங்கள். ஒரே ஒரு ரம்ப அலையை ஒலிக்கவிடுங்கள். வடிகட்டியின் எல்லையை மெல்லக் குறையுங்கள். கூர்மையான ஒலி படிப்படியாக மழுங்கும். எல்லையருகே உள்ள அதிர்வெண்களை ஓங்கச் செய்யும் ஒத்ததிர்வுத் திருகையும் சற்றே கூட்டினால், உயிரெழுத்தின் சாயலைக் கேட்பீர்கள். பிறகு ஒலி எழுவது, தணிவது, நிலைப்பது, ஓய்வது ஆகிய நான்கையும் மாற்றிப் பாருங்கள். அதே அலை ஒருமுறை தட்டிய ஒலியாகவும், மறுமுறை வில்லால் இழைத்த ஒலியாகவும் தோன்றும்.

ஒரு நேரத்தில் ஒரு திருகை மட்டும் மாற்றுங்கள். கேட்கும் முன் என்ன கேட்கும் என்று ஊகித்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஊகம் தவறினால் ஏன் என்று நிரலைத் திறந்து பாருங்கள். ஒரு காலத்தில் ஆய்வுக்கூடங்களில் மட்டுமே செய்ய முடிந்த இச்சோதனைக்கு இன்று ஒரு கணிப்பொறியும் இரண்டு காதுகளும் பொறுமையும் போதும்.