செண்பகத்தோப்பு

செண்பகத்தோப்பு, விருதுநகர் மாவட்டத்தில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள சிற்றூர். தனக்கென நகராட்சியோ பேரூராட்சியோ இல்லாத இவ்வூரைச் சுற்றிலும் மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும், அவற்றுக்கு அப்பால் காடும் மலையும். திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதியில் அணை கட்டப்பட்டுள்ள செண்பகத்தோப்பு வேறு ஊர்.

ஊரை வளர்ப்பது பேயனாறு. மலையில் பிறந்து, பாறைகளில் இறங்கி, தோப்புகளை ஒட்டி ஓடும் காட்டாறு இது. மலைக்கு மேற்கே கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும்போது, கிழக்கே மழைமறைவில் இருக்கும் இந்தச் சமவெளி வறண்டு கிடக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை இறங்கினால்தான் ஆறு கரைபுரளும், கண்மாய்கள் நிறையும். மலையில் பெய்த மழை கொஞ்ச நேரத்திலேயே வெள்ளமாக வந்துவிடும் என்பதால், அந்த நாட்களில் மீன்வெட்டிப் பாறை அருவிக்கும் காட்டழகர் கோயிலுக்கும் செல்பவர்களை வனத்துறை தடுத்து நிறுத்துகிறது. ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோயில் ஆற்றிலும் இதே நிலைதான். இந்த ஆறுகள் எல்லாம் வைப்பாற்று வடிநிலத்தைச் சேர்ந்தவை.

மலையடிவாரத்தில் பளியர் குடியிருப்பு ஒன்று உண்டு. தேன் எடுப்பதும் காட்டுப் பொருட்களைச் சேகரிப்பதும் இப்பழங்குடியினரின் வழிவழித் தொழில். எந்த மரம் எப்போது காய்க்கும், எந்த ஓடையில் கோடையிலும் நீர் கிடைக்கும் என்ற அறிவு அவர்களிடம் தலைமுறைகளாக இருக்கிறது.

இந்தக் காட்டுக்கு உலகறிந்த பெயரைத் தந்தது ஓர் அணில். சாம்பல் நிற மலை அணில் தரையில் இறங்குவது அரிது; கிளைக்குக் கிளை தாவியே இரை தேடும், உயரத்தில் இலையும் குச்சியும் கொண்டு கூடு கட்டும். ஆகவே அதற்குக் கிளைகள் பின்னிய மரவரிசை வேண்டும். அத்தகைய மரவரிசை ஓடைக்கரைகளில்தான் அடர்ந்திருக்கிறது. இலங்கையில் பரவலாக உள்ள இவ்விலங்கு, இந்தியாவில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகத்தின் சில காடுகளில் மட்டுமே வாழ்கிறது. இதைக் காக்க 1988-இல் இங்கே சரணாலயம் அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 485 சதுர கிலோமீட்டர். 2021-இல் இது மேகமலை சரணாலயத்துடன் இணைந்து, தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகமானது.

காடு தோப்பை ஒட்டியே இருப்பதால் யானைகள் மா, தென்னை மரங்களைச் சாய்ப்பதும் நடக்கிறது. விவசாயியின் இழப்பை ஈடுசெய்யாமல் காட்டைக் காப்பது நியாயம் ஆகாது.

ஸ்ரீவில்லிபுத்தூர் நகரின் குடிநீர்க் கிணறுகள் இப்பகுதியில் உள்ளன. ஆற்றங்கரையில் ஒரு மரம் வெட்டப்பட்டால் அணிலுக்கு வழி அறுகிறது; ஆற்றில் நெகிழிக் குப்பை சேர்ந்தால் அது நகரத்தின் குடிநீரைத் தொடுகிறது. இங்கே குளிக்கவும் கும்பிடவும் வருபவர்கள் கொண்டுவந்த குப்பையைத் திரும்ப எடுத்துச் செல்ல வேண்டும்.