மாந்தை மண்ணில் ஒரு கராம்பு

துறைமுகங்களின் வரலாற்றை நாம் பெரும்பாலும் நாணயங்களையும் கல்வெட்டுகளையும் பயணிகளின் குறிப்புகளையும் கொண்டே எழுதி வந்திருக்கிறோம். அடுப்பங்கரையில் கருகிய மணிகளும் வரலாற்று ஆவணங்களே என்பது, மன்னார்க் கரையிலுள்ள மாந்தைத் துறையின் ஆய்வு முடிவுகளை வாசித்தபோதுதான் எனக்கு அழுத்தமாகப் புலப்பட்டது.

மாதோட்டம் என்று இலக்கியங்கள் போற்றும் அத்துறையில் 1980களின் தொடக்கத்தில் ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் அகழாய்வு நடைபெற்றது. போர்ச் சூழலால் 1984 இல் அது இடைநின்றது. 2009–2010 இல் இலங்கைத் தொல்பொருள் திணைக்களத்தினரும் வெளிநாட்டு ஆய்வாளரும் இணைந்து மீண்டும் அங்கு அகழ்ந்தனர். அப்போது கிடைத்த தாவர எச்சங்கள் பற்றிய ஆய்வு 2018 இல் வெளியாயிற்று.

வெப்பமும் ஈரமும் சேர்ந்த எமது மண்ணில் தானியங்கள் விரைவில் உக்கிப்போகும். ஆனால், நெருப்பில் விழுந்து முற்றாகச் சாம்பலாகாமல் கரியாகிவிட்ட மணியை நுண்ணுயிர்கள் தின்பதில்லை. அகழ்ந்த மண்ணை நீரிலிட்டுக் கலக்கினால் மண் அடியில் படிய, இலேசான கரித்துண்டுகள் மேலே மிதக்கும். அவற்றை மெல்லிய அரிதட்டில் வடித்து, உலர்த்தி, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, இன்றைய விதைகளின் சேகரிப்போடு ஒப்பிடுவார்கள். நிறமும் மணமும் அங்கு உதவா. வடிவம், மேற்பரப்பின் சுருக்கம், காம்பு ஒட்டியிருந்த தழும்பு ஆகியவையே சாட்சி. காட்டு நெல் தானாக உதிர்வதால் அதன் தழும்பு வழுவழுப்பாக இருக்கும்; வயல் நெல்லைச் சூடடித்துப் பிரிப்பதால் தழும்பு கிழிந்திருக்கும். இத்தனை சிறிய தடயத்திலிருந்து உழவனின் கை தெரிகிறது!

மாந்தையில் கிடைத்த மிளகு மணிகள் ஒன்பது. அவற்றுள் ஒன்று கி.பி. 600–700 காலத்துக்குரியது. கிடைத்த கராம்பு ஒன்றே ஒன்று. அதன் காலம் கி.பி. 900–1100. கராம்பின் தாயகம் கிழக்கே தொலைவிலுள்ள மொலுக்காஸ் தீவுகள். கி.பி. 100–200 காலத்துக் கோதுமை மணிகளும் கி.பி. 650–800 காலத்துத் திராட்சை விதைகளும் மேற்குத் திசையிலிருந்து வந்திருக்கலாம். ஒரே துறையில் இரு கடல்களின் பண்டங்கள்!

இந்த இடத்தில்தான் நாம் நிதானிக்க வேண்டும். திராட்சை விதையைக் கண்டதும், "இது எம் மூதாதையரான அராபிய வணிகர் கொணர்ந்தது" என்று எழுதிவிட எமது பேனாக்கள் துடிக்கும். அதை உண்டவர் அராபியரா, பாரசீகரா, தமிழரா, சிங்களவரா என்பதை விதை சொல்வதில்லை. அது சொல்லாததை அதன் வாயில் திணிப்பது வரலாறாகாது. எமது தொன்மைக்கு நேர்மையான சான்றுகளே போதும்.

இன்னொன்றையும் அந்த விதைகள் சொல்கின்றன. அங்கு மிகுதியாகக் கிடைத்தது வாசனைத் திரவியமன்று, நெல்லே. கப்பல்களைப் பற்றி எத்தனையோ பக்கங்கள் எழுதிய நாம், அத்துறைக்குச் சோறிட்ட உள்நாட்டு உழவனுக்கு ஒரு வரிகூட ஒதுக்கியதில்லை.

கரையோரப் பழைய ஊர்களில் வீட்டுக்கு அத்திவாரம் வெட்டும்போது சில வேளை பழைய ஓடுகளோடு கரி கலந்த கறுத்த மண் வெளிப்படும். அதை அள்ளிக் கொட்டுமுன் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். எழுதப்படாத எமது வரலாற்றின் ஒரு பக்கம் அந்த மண்ணிலும் இருக்கக்கூடும்.