ஏலக்காய் வியாபாரத்துக்கு எந்த போன், எந்த மெயில்? போடி வியாபாரிகள் பார்க்க வேண்டியவை!

போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் இப்போது கம்ப்யூட்டர் திரையில்தான். 2021 ஜனவரியில் ஸ்பைசஸ் போர்டு கிளவுட் முறையைக் கொண்டுவந்த பிறகு, போடியில் இருப்பவரும் கேரளாவின் புத்தடியில் இருப்பவரும் ஒரே ஏலத்தில் விலை கேட்கலாம். ஏலம் முடிந்ததும் பில், இ-வே பில், வெளிமாநில பார்ட்டிக்கு பேங்க் விவரம் என பாதி வேலை மொபைலில் ஓடுகிறது. அப்போ எந்த போன் வாங்கலாம்?

மலைக்கு எந்த போன்?

கேமராவை விடுங்க, முதலில் பேண்ட் பாருங்க. 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள்தான் அதிக தூரம் போகும். ஜியோ 850, ஏர்டெல் 900, பிஎஸ்என்எல் 4ஜி 700-ஐப் பயன்படுத்துகின்றன. போனில் 5, 8, 28 ஆகிய பேண்டுகள் இருக்கிறதா என்று நிறுவனத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் மலை முகடு மறைத்தால் எந்த பேண்டும் எடுக்காது. போடிமெட்டு ஏறியவர்களுக்கு இது தெரியும். அதனால் இரண்டு சிம்மும் வேறு வேறு கம்பெனியாக இருப்பது நல்லது.

ஏலத்தோட்டத்தில் மழைக்குக் குறைவில்லை. ஐபி67 தரம் என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும். ஆனாலும் தண்ணீர் புகுந்து கெட்டால் பெரும்பாலான கம்பெனிகள் வாரண்டி தருவதில்லை.

மெயில்தான் முக்கியம்

ஒருகாலத்தில் பிசினஸ் மெயில் என்றாலே பிளாக்பெர்ரிதான். அதன் பழைய போன்களுக்கான சேவை 2022 ஜனவரி 4-ல் நின்றுபோனது. இன்று எந்த போனிலும் திறக்கும் மெயிலே போதும்.

இலவச ஜிமெயிலில் 15 ஜிபி இடம், அதுவும் போட்டோவுக்கும் சேர்த்து. தோட்டத்துப் படங்களும் வீடியோவும் அதை நிரப்பிவிட்டால் புது மெயில் உள்ளே வராது. கடை பெயரிலேயே முகவரி வேண்டுமென்றால் டொமைன் வாங்கி கூகுள் வொர்க்ஸ்பேஸ், மைக்ரோசாஃப்ட் 365, ஜோஹோ மெயில் ஆகியவற்றில் ஒன்றை எடுக்கலாம். ஜோஹோவின் இலவசத் திட்டத்தில் 5 பேர் வரை, ஆளுக்கு 5 ஜிபி. ஆனால் அதை ஜோஹோவின் ஆப்பிலோ பிரவுசரிலோதான் பார்க்க முடியும்.

எதை எடுத்தாலும், மீட்பு மொபைல் எண் முதலாளியுடையதாக இருக்கட்டும். கணக்குப்பிள்ளை நம்பரில் மெயில் தொடங்கிவிட்டு, அவர் வேலையை விட்டபின் பாஸ்வேர்டுக்கு அலைவது தேவையில்லாத தலைவலி.

ஓடிபி வராத இடத்தில்?

எஸ்டேட் ஆபீஸில் வைஃபை இருக்கும், டவர் இருக்காது. இரண்டடுக்குப் பாதுகாப்புக்கு எஸ்எம்எஸ் ஓடிபியை மட்டும் நம்பினால் அங்கே மாட்டிக்கொள்வீர்கள். ஆதென்டிகேட்டர் ஆப் சிக்னல் இல்லாமலே எண்ணைக் காட்டும். பேக்கப் கோடுகளையும் பேப்பரில் எழுதி பீரோவில் வைக்கலாம்.

இந்தப் பூட்டு எதற்கு? “எங்க பேங்க் கணக்கு மாறிடுச்சு, இனி இதுல போடுங்க” என்று தெரிந்த பார்ட்டியின் பெயரில் மெயில் வரும். முகவரியில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கும். சில சமயம் பார்ட்டியின் மெயிலையே திருடி அனுப்புவார்கள், அப்போது முகவரியும் சரியாகவே இருக்கும். ஏலக்காய்ப் பணம் லட்சக்கணக்கில் கைமாறும் தொழில் இது. அந்த மெயிலில் உள்ள நம்பருக்குப் பேசாமல், ஏற்கெனவே போனில் சேமித்த நம்பருக்குக் கூப்பிட்டுக் கேளுங்க. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் பேங்குக்கும், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் சொல்லுங்க. பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் முடக்க முயற்சி செய்வார்கள்.