கூடம் கோணலா, ஆட்டம் கோணலா?

1987இல் ஜப்பானின் கேப்காம் நிறுவனம் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ என்ற சண்டை கேமை ஆர்கேட் கூடங்களுக்கு அனுப்பியது. அதன் ஒரு வகைப் பெட்டியில் குத்துக்கு ஒன்று, உதைக்கு ஒன்று என இரண்டு பெரிய ரப்பர் திண்டுகள் இருந்தன. எவ்வளவு ஓங்கித் தட்டுகிறோமோ அவ்வளவு பலமான அடி திரையில் விழும். யோசனை அழகானதுதான், ஆனால் காசு போட்டு நெடுநேரம் ஆடுகிறவருக்குக் கை தாங்காது. இன்னொரு வகைப் பெட்டி ஆறு பட்டன்களோடு வந்தது: குத்துக்கு மூன்று, உதைக்கு மூன்று, இரண்டிலும் லேசு, நடுத்தரம், பலம் என்று வரிசை. திண்டு வழக்கொழிந்தது, ஆறு பட்டன் நிலைத்தது. 1991இல் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ அதே ஆறு பட்டன்களோடு உலகெங்கும் ஆர்கேட்களை நிரப்பியபோது, அடுத்து வந்த தலைமுறைகளின் விரல்கள் எங்கே போய் உட்கார வேண்டும் என்பது முடிவாகிவிட்டது. சண்டை கேம் ஆடுகிறவர்களின் பழக்கங்களைப் பற்றிப் பேச இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. கையின் பழக்கம் பெரும்பாலும் கருவி போட்டுக் கொடுத்தது. ஆட்டத்தைத் தோற்கடிக்கும் கெட்ட பழக்கங்கள் அப்படி வந்தவை அல்ல. இந்த இரண்டும் வேறு வேறு என்று தெரியாததால்தான், தோற்கிறவர்கள் ஆண்டுக்கொரு கன்ட்ரோலர் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

கருவி கையை எவ்வளவு தூரம் வளைக்கும் என்பதற்கு லீவரின் கதையே சாட்சி. ஜப்பானில் சான்வா, செய்மிட்சு நிறுவனங்களின் லீவர்கள் பரவின. மேலே உருண்டையான குமிழ், மெல்லிய தண்டு, உள்ளே ஸ்பிரிங், அடியில் சதுரத் துளையிட்ட ஒரு பிளாஸ்டிக் தகடு. அந்தச் சதுரத்தின் நான்கு மூலைகளும் நான்கு சாய்வுத் திசைகள். தண்டை மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவே விட்டு, குமிழை உள்ளங்கையில் ஏந்திக்கொள்வது அங்கே பரவலான பிடி. ஒயின் கோப்பைப் பிடி என்றே அதற்குப் பெயர். அமெரிக்கப் பெட்டிகளில் இருந்ததோ தடித்த, நீண்ட, மட்டை வடிவ லீவர். அதை முழுக் கையால் பற்றித்தான் ஆட்ட வேண்டும். கொரியாவில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக ரப்பர் வளையம் பூட்டிய லீவர் வேரூன்றியது. விட்ட மாத்திரத்தில் அது நடுவுக்குத் திரும்பிவிடும். தட்டிப் பார்க்க மூலைகளும் கிடையாது. ‘டெக்கன்’ கேமில் பின்வாங்கும் அசைவை வெட்டி வெட்டி அடுக்கிக்கொண்டே போகும் உத்திக்கு ‘கொரியன் பேக்டேஷ்’ என்று உலகமே பெயர் வைத்திருக்கிறது. லீவர் சட்டென்று நடுவுக்குத் திரும்ப வேண்டிய அந்த உத்தி, கொரிய லீவரில் வளர்ந்த கைகளுக்கு வசப்பட்டதில் வியப்பில்லை. மூன்று நாடு, மூன்று லீவர், மூன்று விதமான கை. யாருடைய கையும் தவறானதல்ல.

தவறு என்று சொல்லத்தக்க கைப்பழக்கங்களும் இருக்கின்றன. சதுரத் தகட்டில் பழகியவர்களில் பலர் ஒவ்வோர் அசைவிலும் லீவரைச் சுவரில் மோதும்வரை தள்ளுவார்கள். உள்ளேயிருக்கும் மைக்ரோ சுவிட்ச் அதற்கு முன்பே பதிந்துவிடுகிறது. மீதித் தூரம் முழுவதும் வீண். முன், கீழ், முன்-கீழ் மூலை என்று போக வேண்டிய ‘ஷோர்யூகென்’ வீச்சில் அந்த வீண் தூரம்தான் ஆட்டக்காரரைத் தாமதப்படுத்தும். இந்த கேம்களில் காலத்தின் அலகு வினாடியில் 60இல் ஒரு பங்கான ‘பிரேம்’. இது கருவியோடு சேர்ந்து வந்த கெட்ட பழக்கம். கருவியை மாற்றினாலோ, பொறுமையாகச் சில வாரம் பழகினாலோ போய்விடும். என் வாதம் இந்த வகைக்குப் பொருந்தாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

வீட்டுக் கன்சோலோடு வந்த கைக் கன்ட்ரோலரான பேடின் வரலாறு வேறு. நின்டெண்டோவின் குன்பே யோகோய் வடிவமைத்த சிலுவை வடிவத் திசைப் பட்டன், 1982இல் வந்த கையடக்க ‘டாங்கி காங்’ கேமில் இடம்பெற்றது. 1992இல் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ சூப்பர் நின்டெண்டோவுக்கு வந்து 60 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. அந்தப் பேடில் மேலே நான்கு பட்டன், தோளில் இரண்டு, கூட்டினால் ஆறு. சேகாவின் மெகா டிரைவ் பேடில் மூன்றே பட்டன். எனவே 1993இல் அங்கே வந்த பதிப்பில், பழைய பேடை வைத்திருந்தவர் ஸ்டார்ட் பட்டனை அமுக்கிக் குத்துக்கும் உதைக்கும் மாறிக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்காகவே சேகா ஆறு பட்டன் பேடை வெளியிட்டது. ஆக, கட்டைவிரலால் சண்டை போட்டு வளர்ந்த ஒரு பெருங்கூட்டம் 1990களிலேயே உருவாகிவிட்டது. ஆனால் பெரிய போட்டிகள் ஆர்கேட் பெட்டிகளில் நடந்தன. பேட் ஆட்டக்காரர் அங்கே போனால் அந்நியமான லீவரின் முன் நிற்பார், தோற்பார். பேட் குழந்தைகளுக்கானது, லீவரே வீரருக்கானது என்ற நம்பிக்கை வேர்பிடித்தது இந்தச் சூழலில்தான். அது கருவியின் தரத்தை அளந்து வந்த தீர்ப்பே அல்ல, போட்டி நடந்த இடம் தந்த தீர்ப்பு. அமெரிக்காவின் எவோ போட்டி 2004இல் ஆர்கேட் பெட்டிகளைக் கைவிட்டு வீட்டுக் கன்சோல்களுக்கு மாறியபோது பெரிய எதிர்ப்பு எழுந்தது. பத்தாண்டு கழித்து, 2014இல், அதே எவோவில் பிரான்ஸின் லூஃபி முதல் பிளேஸ்டேஷனின் பழைய பேடைக் கையில் வைத்துக்கொண்டு ‘அல்ட்ரா ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4’ பட்டத்தை வென்றார்.

அப்படியானால் உண்மையான கெட்ட பழக்கங்கள் எவை? யோசிக்காமல் குதித்துக் குதித்து எதிரியிடம் போவது. கீழே விழுந்து எழும் நொடியில் கண்ணை மூடிக்கொண்டு பட்டனை அமுக்குவது. ஒரே அடித்தொடரை, அதாவது காம்போவை, இடம் பொருள் பார்க்காமல் தொடங்குவது. இவை எந்தக் கருவியிலும் அப்படியே இருக்கும். இவற்றின் பிறப்பிடம் ஆர்கேட்டின் காசுக் கணக்கு என்பது என் கணிப்பு. ஜப்பானில் 100 யென், அமெரிக்காவில் 25 சென்ட். ஜெயித்தவர் தொடர்ந்து ஆடலாம், தோற்றவர் மறுபடி காசு போட்டு வரிசையில் நிற்க வேண்டும். அந்த ஏற்பாட்டில் சோதித்துப் பார்க்க யாருக்கும் மனம் வராது. போன ஆட்டத்தில் எது பலித்ததோ அதையே திரும்பச் செய்வார்கள். அந்த வட்டாரத்தில் குதிப்பவரை அடித்து வீழ்த்தத் தெரிந்தவர் இல்லையென்றால், குதிப்பதே உத்தியாகிவிடும். பல கூடங்களில் எதிரியைப் பிடித்துத் தூக்கி எறிவது ‘சீப்’, நேர்மையற்றது என்றுகூட எழுதாச் சட்டம் இருந்தது. அமெரிக்க ஆட்டக்காரரும் கேம் வடிவமைப்பாளருமான டேவிட் சிர்லின் இந்த மனப்பான்மையைத் தம் எழுத்தில் கடுமையாகச் சாடியிருக்கிறார்.

ஒரு பழக்கம் நல்லதா கெட்டதா என்பதை விதிகள் தலைகீழாக்கவும் முடியும். ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ காலம் முழுவதும் பின்னால் இழுத்துப் பிடித்துத் தடுப்பதே பாதுகாப்பு. அதே வரிசையில் 1999இல் வந்த ‘தேர்ட் ஸ்டிரைக்’கில், அடி விழும் தருணத்தில் முன்னால் தட்டினால் சேதமே இல்லாமல் அதைத் தள்ளிவிடலாம். 2004 எவோவில் ஜஸ்டின் வாங் ஏவிய, சுன் லீ என்ற பாத்திரத்தின் 15 அடித் தொடரை, ஏறக்குறைய உயிர் தீர்ந்த நிலையிலிருந்த டைகோ உமேஹாரா ஒவ்வொன்றாக அப்படித் தள்ளிவிட்டு ஜெயித்தார். அந்த நிலையில் தடுத்திருந்தாலும் ஆட்டம் முடிந்திருக்கும். பின்னால் இழுக்கத் துடிக்கும் கையை அடக்கி முன்னால் தட்டியதில்தான் அந்த ஆட்டத்தின் பெருமை இருக்கிறது. எந்த லீவரும் அதை அவருக்குக் கற்றுத் தந்திருக்காது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. லீவரே இல்லாத, எல்லாத் திசைக்கும் பட்டன் வைத்த பலகைகள் உண்மையிலேயே வேகமானவை. கருவி முடிவை மாற்றுகிறது என்பதற்கு அதுவே ஆதாரம் என்பார்கள். அது சரிதான். கைல் என்ற பாத்திரத்தின் ‘சோனிக் பூம்’ வீச்சுக்குச் சற்று நேரம் பின்னால் பிடித்து, பிறகு முன்னால் தள்ளிக் குத்த வேண்டும். லீவர் நடுவைக் கடந்துதான் முன்னால் போக முடியும். பட்டன் பலகையில் ஒரு விரல் பின்பக்கத்தை அமுக்கியிருக்கும்போதே இன்னொரு விரல் முன்பக்கத்தைத் தட்டலாம். கைலைக் கொண்டு ஆடிய டைகோ 2019இல் இப்படியொரு பலகையைப் போட்டிக்குக் கொண்டுவந்தபோது, கேப்காம் தன் போட்டித் தொடரில் அதற்கு அனுமதி மறுத்தது. எதிரெதிர்த் திசைகளை ஒருசேர அமுக்கினால் என்ன ஆக வேண்டும் என்று பின்னர் விதியே வகுத்தார்கள். ஆனால் அந்தச் சச்சரவு எந்த மட்டத்தில் நடந்தது என்று பாருங்கள். வேறு எல்லாப் பிழைகளையும் களைந்துவிட்ட ஒருவருக்கு அந்தச் சில பிரேம்கள் பொருட்டு. எழுந்தவுடன் கண்மூடித்தனமாகப் பட்டன் அமுக்குகிறவர், வேகமான பலகையில் அதே தவறை வேகமாகச் செய்வார்.

இன்னொரு மறுப்பு அனுபவத்திலிருந்து வருவது: கன்ட்ரோலரை மாற்றிய பிறகு ஆட்டம் தேறிவிட்டது என்று பலர் சொல்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. புதிய கருவியில் கை தடுமாறும். தடுமாறும் கை ஒவ்வொரு அசைவையும் யோசித்துத்தான் செய்யும். தானாக ஓடிக்கொண்டிருந்த பழைய ஆட்டம் சில வாரங்களுக்கு நின்றுபோகும். பலன் தந்தது அந்தக் கவனம். கை பழகியதும் பழைய குதிப்பு திரும்பி வந்துவிடும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையில், கூடத்தை மாற்றிய முதல் வாரம் ஆட்டம் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

பழக்கத்தை உடைக்க உதவியவை வேறு. ஒன்று, ஊரிலேயே தண்டிக்கத் தெரிந்த எதிரிகள். 2019இல் லாகூரின் ‘டெக்கன்’ ஆட்டக்காரர் அர்ஸ்லான் ஆஷ் எவோ ஜப்பான் போட்டியையும் எவோவையும் ஒரே ஆண்டில் வென்றபோது, வெளியுலகம் அறியாத பாகிஸ்தான் ஆட்டக்காரர்களின் தரத்தை அவரே எடுத்துச் சொன்னார். மற்றொன்று, காசு கேட்காத பயிற்சி வசதி. தோற்ற ஆட்டத்தின் பதிவில் இடையில் புகுந்து, அதே கணத்திலிருந்து வேறு முடிவெடுத்துப் பார்க்க 2024இல் வந்த ‘டெக்கன் 8’ இடம் கொடுக்கிறது. ஆர்கேட் காலத்தில் எந்தப் பணத்துக்கும் கிடைக்காத வாய்ப்பு இது.

கை வலிக்கிறதென்றால், மணிக்கட்டு வீங்குகிறதென்றால் தயங்காமல் கன்ட்ரோலரை மாற்றுங்கள். அதைவிட நல்ல காரணம் வேறில்லை. தோல்விதான் காரணமென்றால், காசு கொடுப்பதற்கு முன் கடைசியாகத் தோற்ற பத்து ஆட்டங்களின் பதிவைப் போட்டுப் பார்த்து, விழுந்து எழுந்த ஒவ்வொரு முறையும் என்ன அமுக்கினீர்கள் என்பதை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள்.