இறங்கி ஏறும் அடிமரம்

மரக்கலத்தின் அடியில், முன்னணியத்திலிருந்து பின்னணியம் வரை முதுகெலும்பென ஓடும் கட்டையை ஏரா என்பர். கலத்தின் உறுதிக்கு மட்டுமன்றி, பக்கக்காற்று அதனை ஒதுக்கித் தள்ளாவண்ணம் காப்பதற்கும் அதுவே துணை. தட்டையடிப் படகு மணல்திட்டுகளின்மேல் எளிதிற் செல்லும்; ஆயினும் பக்கக்காற்று வீசுமாயின் சருகுபோல் ஒதுங்கிப் போகும். ஆழமான ஏராவைப் பொருத்தினாலோ, நேராகச் செல்லும் கலம் திட்டில் தட்டி நிற்கும். இவ்விரு இடர்களுக்கும் ஒருங்கே விடை தேடியவர் ஜான் ஷாங்க் என்னும் பிரித்தானியக் கடற்படையாளர்.

1774ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில், பெர்சி பிரபுவுக்காக அவர் ஒரு படகு கட்டினார். அதன் அடித்தளத்தில் நீண்ட பிளவொன்றை அமைத்து, அதனைச் சுற்றி நீர்புகாப் பெட்டி கட்டி, அதற்குள் ஏறி இறங்கும் பலகை ஒன்றை வைத்தார். ஆழ்கடலில் பலகையை இறக்கலாம். கரையை அண்மியதும் உயர்த்தலாம். இதனை முதன்முதலிற் கண்டவர் ஷாங்க்கே என்பது மிகைக்கூற்று. சோழமண்டலக் கரையின் கட்டுமரக்காரர் பலகையை நீருட் செருகி இப்பயனைப் பெற்றவர்களே. தென்னமெரிக்காவின் மேற்குக்கரைத் தெப்பங்களிலும் இம்முறை இருந்தது. பெரிய கலத்தின் வயிற்றைப் பிளந்து பலகை பொருத்தத் துணிந்ததே அவருடைய சிறப்பு.

1798இல் டெப்ட்போர்ட் துறையில் கட்டப்பட்ட 'லேடி நெல்சன்' இத்தகைய மூன்று பலகைகளைக் கொண்டது. 60 டன் எடையளவும் 52 அடிக்குச் சற்று மேற்பட்ட நீளமும் உடைய இச்சிறு கலத்தைக் கண்டோர் 'தீப்பெட்டி' என நகைத்தனர். 1800 மார்ச்சில் ஜேம்ஸ் கிராண்ட் தலைமையில் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டது; பாஸ் நீரிணையை மேற்கிலிருந்து கிழக்காகக் கடந்த முதற்கலம் என்னும் பெயருடன் டிசம்பரில் சிட்னியை அடைந்தது. நகைத்தவர்களுக்கு அதுவே விடையாயிற்று. 1802 பிப்ரவரியில் ஜான் மர்ரே, பிற்காலத்தில் மெல்பர்ன் எழுந்த போர்ட் பிலிப் விரிகுடாவுக்குள் இக்கலத்தையே செலுத்தினார். ஆழமறியா நீரில் பலகைகளை உயர்த்தியபடி தயங்காது நுழைய முடிந்தது.

எனினும் அசையும் உறுப்பு உடையும் உறுப்புமாகும். அதே ஆண்டு மாத்யூ பிளிண்டர்சின் 'இன்வெஸ்டிகேட்டர்' கப்பலுக்குத் துணையாகப் பவளத்திட்டுகளிடையே சென்றபோது, நடுப்பலகையை இழந்தது. பின்பலகையிலும் ஒரு பகுதி போயிற்று. பலகை போனபின் காற்றை எதிர்த்துச் செல்லும் ஆற்றல் அதற்கில்லை. தம் ஆய்வுக்கு அது சுமையாயிற்று என்று கண்ட பிளிண்டர்ஸ், அக்டோபரில் சிட்னிக்குத் திருப்பி அனுப்பினார். குறையைக் கலத்தின்மேல் மட்டும் சுமத்துதல் நேர்மையன்று. பவளத்தின் கூர்மை ஆழ்ந்த ஏராவுடைய பெருங்கப்பல்களையும் விட்டுவைத்ததில்லை.

சிட்னி குடியேற்றத்தின் ஏவல்களைப் பல்லாண்டுகள் செய்த 'லேடி நெல்சன்', 1825இல் ஆஸ்திரேலியாவின் வடக்கிலிருந்த மெல்வில் தீவுக் குடியிருப்புக்கு உணவு தேடி டிமோர்ப் பக்கம் அனுப்பப்பட்டது. பாபார் தீவின் அருகே கடற்கொள்ளையர் அதனைக் கைப்பற்றினர், கலத்திலிருந்தோர் கொல்லப்பட்டனர். ஷாங்க் அதற்கு ஈராண்டுகளுக்கு முன்பே, 1823இல், மறைந்திருந்தார்.