மகளிர் மலையேற்ற முதுகுப்பை

மகளிர் மலையேற்ற முதுகுப்பை என்பது மலையேற்றம், காட்டுநடை போன்ற நெடுநடைகளில் நீர், உணவு, உடை, படுக்கை முதலியவற்றைச் சுமந்து செல்வதற்காகப் பெண்களின் உடலமைப்புக்கு ஏற்ப வடிவமைக்கப்பட்ட பை ஆகும். பேச்சு வழக்கில் இது ரக்சாக், பேக்பேக், ட்ரெக்கிங் பை எனப் பலவாறு அழைக்கப்படுகிறது.

புதிதாக மலையேறத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் பையின் எடையையும் விலையையும் மட்டுமே ஒப்பிடுகின்றனர். ஆனால் மொத்தச் சுமை எவ்வளவு, அது உடலின் எப்பகுதியில் தங்குகிறது என்பவையே வசதியைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. முதுகுக்குப் பொருந்தாத 800 கிராம் பையைவிட நன்கு பொருந்தும் 1,400 கிராம் பை நடக்கும்போது இலகுவாக உணரப்படுவது உண்டு.

வரலாறு

முதுகுப்பை பரவுவதற்கு முன்பே பெண்கள் பெருஞ்சுமைகளைச் சுமந்து நெடுந்தொலைவு நடந்துள்ளனர். தமிழகச் சிற்றூர்களில் விறகுக்கட்டு, நீர்க்குடம் முதலியவை தலையில் சும்மாடு வைத்துச் சுமக்கப்பட்டன. நேபாளத்தில் டோக்கோ எனப்படும் கூடை, நாம்லோ என்ற நெற்றிப்பட்டையால் முதுகில் தாங்கப்படுகிறது. கென்யாவின் லுவோ, கிக்குயு இனப் பெண்களைப் பற்றி 1986 ஆம் ஆண்டு நேச்சர் இதழில் வெளியான ஆய்வு, அவர்கள் உடல் எடையில் 20 விழுக்காடு வரையான சுமையைக் கூடுதல் ஆற்றல் செலவின்றிச் சுமப்பதாகத் தெரிவித்தது. இது நெடுநாள் பழக்கத்தால் வரும் திறன். பழக்கமில்லாதவருக்கு இடுப்பில் சுமை தாங்கும் பையே ஏற்றது.

1952 இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் டிக் கெல்ட்டி, அலுமினியச் சட்டகம் கொண்ட பைகளை விற்கத் தொடங்கினார். அவர் சட்டகங்களைச் செய்ய, மனைவி நீனா பைகளைத் தைத்தார். சுமையைத் தோளிலிருந்து இடுப்புக்கு மாற்றும் இடுப்புவார் இவர்களது பைகள் வழியாகவே பரவலானது. 1967 இல் கிரெக் லோவ் சட்டகத்தைப் பைக்குள்ளேயே அமைத்தார். இன்றைய மலையேற்றப் பைகளுள் பெரும்பாலானவை இவ்வகையின.

இலகுச்சுமை நடைக்கு முன்னோடியாகக் கருதப்படுபவர்களுள் ஒருவர் எம்மா கேட்வுட் என்ற அமெரிக்கப் பெண்மணி. 1955 இல், தம் 67 ஆம் வயதில், ஏறத்தாழ 3,300 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பலாச்சியன் பாதையைத் தனியாக நடந்து முடித்தார். கூடாரம் கொண்டு செல்லாத அவர், தாமே தைத்த துணிப்பையை ஒரு தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். 1990களில் ரே ஜார்டின் தம் நூல்கள் வழியாக இலகுச்சுமை முறையைப் பரப்பினார்.

சுமை தாங்கும் முறை

நன்கு பொருந்திய பையில் சுமையின் பெரும்பகுதி இடுப்புவார் வழியாக இடுப்பெலும்புக்கும், அங்கிருந்து கால்களுக்கும் செல்கிறது. தோள்வார்கள் பை பின்னால் சாயாமல் பிடித்துக்கொள்கின்றன. இடுப்புவார் இல்லாத பையில் முழுச்சுமையும் தோள்களில் இறங்குகிறது. இதனால் கழுத்து வலி, தோள் வலி ஏற்படுகின்றன. கனமான சுமையை நெடுநேரம் தோளில் மட்டும் தாங்கினால் கைக்குச் செல்லும் நரம்புப் பின்னல் அழுத்தப்பட்டுக் கை மரத்துப்போதலோ தளர்ச்சியோ ஏற்படலாம். படைவீரர்களிடம் முதலில் கண்டறியப்பட்ட இந்நிலை முதுகுப்பை வாதம் எனப்படுகிறது. நடக்கும்போது விரல்கள் மரத்துப்போனால் வலி இல்லாவிட்டாலும் பையை இறக்கி வார்களைச் சரிசெய்ய வேண்டும்.

பெண்களுக்கான வடிவமைப்பு

மகளிர் பைகள் நிறத்தில் மட்டும் வேறுபடுபவை அல்ல. முக்கிய வேறுபாடுகள் பின்வருமாறு:

* முதுகுச் சட்டகம் நீளம் குறைந்தது. சராசரியாகப் பெண்களின் உடற்பகுதி ஆண்களினதைவிடக் குட்டையானது.
* தோள்வார்கள் குறுகலாகவும் நெருக்கமாகவும், மார்பின் இருபுறமும் விலகிச் செல்லும் வகையில் வளைந்தும் இருக்கும்.
* இடுப்புவார், அகன்ற இடுப்பின் சரிவுக்கு ஏற்பக் கூம்பு வடிவில் வெட்டப்பட்டிருக்கும்.
* மார்புவாரை மேலும் கீழும் நகர்த்தக்கூடிய இடைவெளி அதிகம்.

ஜெர்மனியின் டியூட்டர் நிறுவனம் இத்தகைய பைகளை எஸ்எல் என்ற குறியுடன் விற்கிறது. எனினும் "மகளிர்" என்ற சொல் ஓர் அளவு அன்று. உயரமான பெண்ணுக்கு ஆடவர் பையும், உயரம் குறைந்த ஆணுக்கு மகளிர் பையும் பொருந்தலாம்.

அளவெடுத்தல்

பையின் அளவு ஆளின் உயரத்தைப் பொறுத்ததன்று. முதுகு நீளத்தைப் பொறுத்தது. ஒரே உயரமுள்ள இருவரின் முதுகு நீளம் வேறுபடலாம். இதனை அளக்க ஒரு தையல் நாடாவும் உதவிக்கு ஒருவரும் போதும்.

1. தலையைக் குனியும்போது பிடரியின் அடியில் புடைத்துத் தெரியும் எலும்பைக் குறித்துக்கொள்ள வேண்டும். இது ஏழாவது கழுத்து முள்ளெலும்பு ஆகும்.
2. இரு கைகளையும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் வைத்து, கட்டைவிரல்கள் முதுகுப்பக்கம் ஒன்றையொன்று நோக்குமாறு நிற்க வேண்டும்.
3. நிமிர்ந்து நின்றபடி, பிடரி எலும்பிலிருந்து கட்டைவிரல்களை இணைக்கும் கோடு வரை முதுகின் வளைவை ஒட்டி அளக்க வேண்டும்.

இவ்வாறு கிடைக்கும் அளவை அந்தந்த நிறுவனத்தின் அட்டவணையுடன் ஒப்பிட வேண்டும். ஒரு நிறுவனத்தின் சிறிய அளவு மற்றொன்றின் நடுத்தர அளவாக இருக்கக்கூடும். முதுகு நீளத்தை மாற்றியமைக்கும் வசதியுள்ள பை சற்றே எடை கூடியது. ஆயினும் தம் அளவை இன்னும் சரியாக அறியாத புதியவருக்கு அது பயனுள்ளது.

கொள்ளளவும் எடையும்

முதுகுப்பையின் கொள்ளளவு லிட்டரில் குறிக்கப்படுகிறது. ஒருநாள் நடைக்கு 20 முதல் 30 லிட்டரும், ஓரிரு இரவுகள் தங்கும் பயணத்துக்கு 40 முதல் 50 லிட்டரும் பொதுவாகப் போதும். பெரிய பை வாங்கினால் அதை நிரப்பும் எண்ணமும் உடன் வருவதால், பொருட்களை முதலில் சேர்த்து எடைபோட்ட பின்னரே பையைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

ஒருநாள் நடையில் உடல் எடையில் 10 விழுக்காடும், இரவு தங்கும் பயணத்தில் 20 விழுக்காடும் மேல்வரம்பாகப் பொதுவாகக் கொள்ளப்படுகின்றன. 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இவை முறையே 5 கிலோவும் 10 கிலோவும் ஆகும். அவரது ஒருநாள் சுமைக்கு ஓர் எடுத்துக்காட்டு:

* பை - 0.8 கிலோ
* நீர், 3 லிட்டர் - 3.0 கிலோ
* உணவு - 0.5 கிலோ
* மழையாடை - 0.3 கிலோ
* முதலுதவிப் பொருட்கள், கைவிளக்கு, கைப்பேசி - 0.4 கிலோ
* மொத்தம் - 5.0 கிலோ

இதில் பாதிக்கும் மேல் நீரே ஆகும். வெப்பம் மிகுந்த பகுதிகளில் நீரைக் குறைக்க இயலாது. ஆகவே மற்றவற்றில்தான் எடையைக் குறைக்க வேண்டும். இரவு தங்கும் பயணத்தில் கூடாரத்தில் ஒரு பங்கு 1.2, படுக்கைப்பை 1.2, விரிப்பு 0.4, உடைகள் 1.5, சமையல் கலன்களும் பிறவும் 0.8, நீர் 2.0, உணவு 1.2 கிலோ எனக் கொண்டால் பை இல்லாமலே 8.3 கிலோ ஆகிறது. 1.3 கிலோ பையுடன் மொத்தம் 9.6 கிலோ, 2.3 கிலோ எடையுள்ள பழைய வகைப் பையுடன் 10.6 கிலோ, அதாவது வரம்பைத் தாண்டிவிடுகிறது. பையின் சொந்த எடை முக்கியமாவது இங்குதான்.

உணவு, நீர், எரிபொருள் நீங்கலான சுமை அடிப்படைச் சுமை எனப்படுகிறது. அது 9 கிலோவுக்குக் குறைவெனில் இலகுச்சுமை என்றும், 4.5 கிலோவுக்குக் குறைவெனில் மீயிலகுச்சுமை என்றும் வழங்கப்படுகிறது. சட்டகமே இல்லாத மீயிலகுப் பைகள் குறைந்த சுமைக்கே ஏற்றவை. சுமை கூடினால் அவை தளர்ந்து தோளை இழுக்கும். புதியவருக்கு மெல்லிய உட்சட்டகமும் திணிப்புள்ள இடுப்புவாரும் கொண்ட பையே பொருத்தமானது.

கடையில் சோதித்தல்

வெறும் பையை மாட்டிப் பார்ப்பதால் பயனில்லை. 5 கிலோ அரிசிப்பை போன்ற ஏதேனும் எடையை உள்ளே வைத்து, பின்வரும் வரிசையில் வார்களை இறுக்க வேண்டும்.

1. எல்லா வார்களையும் தளர்த்திவிட்டுப் பையை மாட்டுதல்.
2. இடுப்புவாரின் நடுப்பகுதி இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் அமருமாறு வைத்து இறுக்குதல். வயிற்றில் அமர்ந்தால் மூச்சு முட்டும். கீழே இறங்கினால் தொடை அசைவு தடைபடும்.
3. தோள்வார்களை இடைவெளியின்றி அணைக்கும் அளவுக்கு மட்டும் இழுத்தல்.
4. தோளுக்கு மேலுள்ள சுமைதூக்கி வார்களை மெதுவாக இழுத்தல். அவை பையை நோக்கிச் சாய்வாக மேலேற வேண்டும்.
5. மார்புவாரை மார்புக்கு மேலே, காறை எலும்புக்குச் சற்றுக் கீழே பூட்டுதல்.

பின்னர் கால்மணி நேரமாவது நடந்தும் படியேறியும் பார்க்க வேண்டும். மலையில் அணியவிருக்கும் உடையுடனேயே சோதிப்பது அவசியம். சுடிதாரின் நாடா முடிச்சு இடுப்புவாருக்கு அடியில் அகப்பட்டால் சில மணி நேரத்தில் தோல் புண்ணாகிவிடும். வழுக்கும் துணியின் மேல் இடுப்புவார் நிற்காமல் இறங்கும். தாலிச்சங்கிலி, கழுத்துச்சங்கிலி ஆகியவை தோள்வாருக்கு அடியில் அழுந்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கொண்டையோ உயர்த்திக் கட்டிய கூந்தலோ பையின் மேல்மூடியில் இடிக்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும்.

பொருட்களை அடுக்குதல்

நீர், உணவு போன்ற கனமானவை முதுகை ஒட்டி, நடுப்பகுதியில் இருக்க வேண்டும். படுக்கைப்பை போன்ற இலகுவானவை அடியில் செல்லும். மழையாடை, மாதவிடாய்ப் பொருட்கள் ஆகியவற்றை எளிதில் எடுக்கும் இடத்தில் வைக்க வேண்டும். பயன்படுத்திய அணையாடைகளைத் திரும்பக் கொண்டுவர மூடக்கூடிய தனி உறை தேவை. ஆற்றைக் கடக்கும்போது இடுப்புவாரையும் மார்புவாரையும் கழற்றிவிடுவது வழக்கம். தவறி விழுந்தால் பையை உடனே உதறிவிட இது உதவும்.

தமிழ்நாட்டில்

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலைப்பகுதியில் ஏற்பட்ட காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் சிக்கினர். 23 பேர் உயிரிழந்தனர். அதே ஆண்டில் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளைத் தமிழ்நாடு அரசு வெளியிட்டது. 2024 அக்டோபரில் வனத்துறை சார்பில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளுடன் வழிகாட்டியுடன் கூடிய மலையேற்றத் திட்டம் தொடங்கப்பட்டது. காட்டுத்தீக் காலத்தில் இப்பாதைகள் மூடப்படுகின்றன. இவற்றுள் பெரும்பாலானவை பகலிலேயே முடிந்துவிடும் நடைகள் என்பதால், தமிழ்நாட்டில் புதிதாகத் தொடங்குபவருக்கு முதலில் தேவைப்படுவது இடுப்புவாருடன் கூடிய 20 முதல் 30 லிட்டர் பையே ஆகும். இமயமலைப் பயணத்துக்கான பெரிய பையைப் பின்னர் வாங்கிக்கொள்ளலாம்.

செங்கல்பட்டு மாவட்டத்தின் நாவலூர், சிறுசேரி, கேளம்பாக்கம் பகுதிகளில் மென்பொருள் நிறுவனங்களில் பணிபுரியும் பெண்கள் பலரிடம் மடிக்கணினிப் பை ஏற்கெனவே இருக்கும். அதில் சுமைதாங்கும் இடுப்புவாரும் சட்டகமும் பெரும்பாலும் இருப்பதில்லை. முதுகில் காற்றோட்டமும் குறைவு. 2 அல்லது 3 கிலோ சுமையுடன் குறுகிய நடைக்கு அது போதும். 5 கிலோவுக்கு ஏற்றதன்று.

புதிய பையைப் பழகிக்கொள்ள இப்பகுதியிலேயே இடங்கள் உள்ளன. திருக்கழுக்குன்றம் வேதகிரீசுவரர் மலைக்கோயிலின் படிகளும் திருப்போரூர் பிரணவமலையும் ஏற்றத்துக்கு உதவும். கோவளம் முதல் மாமல்லபுரம் வரையுள்ள கடற்கரை மணலில் நடப்பது கால்களுக்குப் பயிற்சி தரும். அடுக்குமாடிக் குடியிருப்பின் படிக்கட்டும் போதுமானதே. முதல் வாரம் 2 கிலோவில் தொடங்கிப் படிப்படியாக எடையைக் கூட்டலாம்.

பெங்களூரைச் சேர்ந்த வைல்டுகிராஃப்ட், பிரான்சைச் சேர்ந்த டெகாத்லான் ஆகிய நிறுவனங்களின் பைகள் தமிழ்நாட்டில் பரவலாகக் கிடைக்கின்றன.

பராமரிப்பு

பைத்துணி பெரும்பாலும் நைலான் அல்லது பாலியெஸ்டர் இழையால் ஆனது. இழையின் தடிமன் டெனியரில் குறிக்கப்படுகிறது. 9,000 மீட்டர் இழையின் எடை எத்தனை கிராமோ அதுவே அதன் டெனியர் எண் ஆகும். நீர்புகாமைக்காக உட்புறம் பூசப்படும் பாலியூரித்தேன், வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த கடலோரப் பகுதிகளில் நாளடைவில் பிசுபிசுத்து உரிந்துவிடும். ஆகையால் பையை மூடிய அலமாரியில் ஈரத்துடன் வைக்காமல் நிழலில் உலர்த்திக் காற்றோட்டமான இடத்தில் தொங்கவிட வேண்டும். கடற்கரையில் பயன்படுத்திய பின் உப்பும் மணலும் போக நல்ல நீரில் அலச வேண்டும். இல்லாவிடில் ஜிப் இறுகிவிடும். சலவை இயந்திரம் பூச்சைக் கெடுக்கும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பையின் மேலுறை மட்டும் போதாது. முதுகுப்பக்கம் வழியாக நீர் இறங்கும். உள்ளே தடித்த நீர்புகா உறை ஒன்றை இட்டு, அதற்குள் பொருட்களை வைப்பதே உறுதியான வழி ஆகும்.

இவற்றையும் பார்க்கவும்

* மலையேற்றம்
* கூடாரம்
* படுக்கைப்பை
* சும்மாடு
* குரங்கணி காட்டுத்தீ, 2018